பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், பட்டாவில் ஒரு பெயர்: விசா விண்ணப்பத்தில் எதை விளக்குவது, எதைத் திருத்துவது?

ஓமலூர்ப் பக்கம் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தந்தை சின்னசாமி, மகன் செந்தில்வேலன். (பெயர்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டும்.) மகனின் மதிப்பெண் பட்டியலில் பெயருக்குப் பின்னால் ‘சி’ என்ற ஆங்கில இனிஷியல் மட்டும் நிற்கிறது. பாஸ்போர்ட்டில் ‘செந்தில்வேலன் சின்னசாமி’. வங்கிக் கணக்கில் ‘செந்தில் வேலன்’ என்று இரண்டு சொற்கள். பான் அட்டையில் சின்னசாமி குடும்பப் பெயராகிவிட்டது. தந்தையின் பட்டாவில் ‘சின்னசாமி கவுண்டர்’. கிரயப் பத்திரத்திலோ ‘சின்னு (எ) சின்னசாமி’.

ஊரில் யாருக்கும் இதில் குழப்பம் வராது. விசா அதிகாரிக்கு வரும். அவர் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுகிறார். இந்தத் தாள்கள் எல்லாம் ஒரே ஆளுடையவையா? இவர் சொல்லும் உறவு உண்மையா? கோப்பு இந்த இரண்டுக்கும் தெளிவாகப் பதில் சொன்னால் எழுத்து வேறுபாடுகள் பெரிய தடையாக நிற்பதில்லை. அப்படிப் பதில் சொல்வதற்கு இரண்டு வடிவங்களையும் ஒருசேரத் தாங்கிய ஒரு தாள் வேண்டும். அதை இந்தக் கட்டுரையில் ‘இணைப்பு ஆவணம்’ என்று குறிப்பிடுகிறோம். பெயர் வேறுபாட்டைக் கையாள்வதில் பெரும்பகுதி வேலை அந்தத் தாளைக் கண்டுபிடிப்பதுதான்.

வேறுபாடு எங்கே தொடங்குகிறது

நம் வழக்கத்தில் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்து இனிஷியலாக நிற்கும். பாஸ்போர்ட் விண்ணப்பமோ இனிஷியலை ஏற்காது, விரித்து எழுதச் சொல்லும். பெயரை இடுவதற்கு அதில் இரண்டு கட்டங்கள்: இடுபெயர், குடும்பப் பெயர். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடலாம். ஆகவே சேலத்துப் பாஸ்போர்ட்டுகளில் மூன்று அமைப்புகளைப் பார்க்கலாம்:

1. இரண்டு பெயரும் இடுபெயர்க் கட்டத்தில், குடும்பப் பெயர் காலி.
2. சொந்தப் பெயர் இடுபெயராக, தந்தை பெயர் குடும்பப் பெயராக.
3. சொந்தப் பெயர் ஒற்றைச் சொல்லாக மட்டும், தந்தை பெயர் எங்கும் இல்லை.

கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலத் தோன்றலாம். விமான நிலையத்துக் கருவிக்கு அப்படியில்லை. பாஸ்போர்ட்டின் தகவல் பக்கத்தில் கீழே இரண்டு வரி எழுத்துகள் இருக்கும், வரிக்கு 44 இடங்கள். முதல் வரியில் பெயருக்கு 39 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. குடும்பப் பெயர் முதலில், இரட்டைக் கோணக்குறி, அதன் பின் இடுபெயர் என்பது உலகப் பொதுவான வரிசை. குடியேற்றத் துறையின் கணினி படிப்பது இந்த வரியைத்தான். அதனால் பெயர் எந்தக் கட்டத்தில் பிரிக்கப்பட்டது என்பதும் எழுத்துக்கூட்டு அளவுக்கே முக்கியம்.

அடுத்தது எழுத்துக்கூட்டு. ‘ழ’வுக்கு இசட்-ஹெச் போடுவோர் உண்டு, எல் போடுவோர் உண்டு. ‘த’வுக்கு டி மட்டும் எழுதியவரின் தம்பி டி-ஹெச் எழுதியிருப்பார். தமிழ் இனிஷியல் ‘ப.’ என்றிருந்தால் அது ஆங்கிலத்தில் ‘பாஸ்போர்ட்’ என்ற சொல்லின் முதலெழுத்தா, பிபிசி-யின் முதலெழுத்தா என்பது தந்தையின் பெயரைப் பார்த்தால்தான் தெரியும். பரமசிவத்துக்கு ஒன்று, பலராமனுக்கு வேறொன்று. தமிழ் ஆவணத்தை மொழிபெயர்ப்பவர் ஊகித்து எழுதினால் இல்லாத வேறுபாடு ஒன்று புதிதாக முளைக்கும்.

மூன்று வகை, மூன்று மருந்து

எல்லா வேறுபாட்டுக்கும் அரசிதழுக்கு ஓட வேண்டியதில்லை. முதலில் வகை பிரிக்க வேண்டும்.

முதல் வகை, எழுத்துக்கூட்டு. ஒரு எழுத்து கூடியோ குறைந்தோ இருப்பது, ஒரு சொல் இரண்டாகப் பிரிந்திருப்பது. உச்சரிப்பும் பிறந்த நாளும் பெற்றோர் பெயரும் ஒத்துப்போனால் விளக்கக் கடிதம் ஒன்று போதும்.

இரண்டாம் வகை, அமைப்பு. இனிஷியலா விரிவா, தந்தை பெயர் முன்னா பின்னா என்பது. தமிழ்நாட்டு விண்ணப்பங்களைத் தொடர்ந்து பார்க்கும் சென்னைத் தூதரக அலுவலகங்களுக்கு இது பழகியது. ஆனால் கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளின் விண்ணப்பங்கள் பெரும்பாலும் நேர்காணல் இல்லாமல் தாள்களை மட்டும் வைத்தே முடிவாகின்றன. அந்தக் கோப்பைத் திறப்பவருக்கு இனிஷியல் என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். அங்கே உங்கள் சார்பில் பேசக்கூடியது கடிதமும் இணைப்பு ஆவணமும் மட்டும்தான்.

மூன்றாம் வகை, பெயரே வேறு. பள்ளியில் ஒன்று, வீட்டில் ஒன்று. எண்கணிதம் பார்த்து மாற்றியது. மதம் மாறியபோது மாற்றியது. திருமணத்துக்குப் பின் மாறியது. இதற்குச் சட்டப்படியான ஆவணம் வேண்டும். தமிழ்நாடு அரசிதழ் அறிவிப்பு, திருமணப் பதிவுச் சான்று, நீதிமன்ற ஆணை ஆகியவற்றில் பொருந்துவது எதுவோ அது. வெறும் பிரமாணப் பத்திரம் இங்கே நிற்காது.

படிவத்தில் எழுத வேண்டிய பெயர்

விதி ஒன்றே: பாஸ்போர்ட்டில் இருக்கும்படி, எழுத்துக்கு எழுத்து, கட்டத்துக்குக் கட்டம். மதிப்பெண் பட்டியலோடு ஒத்துப்போகட்டும் என்று படிவத்தில் இனிஷியல் சேர்ப்பது, பாஸ்போர்ட்டில் காலியாக இருக்கும் குடும்பப் பெயரைத் தாமே நிரப்புவது இரண்டும் தவறு. பாஸ்போர்ட்டில் தப்பான எழுத்து இருந்தாலும் படிவத்தில் அந்தத் தப்பையே எழுத வேண்டும், அல்லது பாஸ்போர்ட்டைத் திருத்திய பிறகு விண்ணப்பிக்க வேண்டும். நடுவழி கிடையாது.

குடும்பப் பெயர் காலியாக இருப்பவர்களுக்குத்தான் குழப்பம் அதிகம், ஏனென்றால் அவர்களுக்கு மட்டும் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்ற முறை நாட்டுக்கு நாடு மாறுகிறது.

- அமெரிக்கா: டிஎஸ்-160 படிவத்தில் இடுபெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி, இடுபெயர்க் கட்டத்தில் எஃப்என்யூ என்று இட வேண்டும். ‘முதற்பெயர் தெரியாது’ என்பதன் சுருக்கம் அது. விசாவிலும் அப்படியே அச்சாகும். அங்கே போனபின் ஓட்டுநர் உரிமம் வரை அந்த மூன்று எழுத்து முதற்பெயராகத் தொடர வாய்ப்புண்டு. படிக்கவோ வேலைக்கோ பல ஆண்டு போகிறவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்துக்கொள்வது நல்லது.
- கனடா: இடுபெயர் முழுவதையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி, இடுபெயர்க் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். அமெரிக்கப் பழக்கத்தில் இங்கேயும் எஃப்என்யூ போடக் கூடாது.
- ஐக்கிய அரபு அமீரகம்: பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல் மட்டுமே பெயராக இருப்பவர்களை விசிட், சுற்றுலா விசாக்களில் அனுமதிப்பதில்லை என்ற விதி 2022 நவம்பர் 21 முதல் வந்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் தகவல் பக்கத்தில் (கடைசிப் பக்கத்தில்) தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று பின்னர் விளக்கம் வந்தது. மேலே சொன்ன மூன்றாம் அமைப்பில் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் விமான நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் விமான நிலைய கவுன்ட்டரில் திருப்பி அனுப்பப்படலாம்.

அமெரிக்கக் கல்லூரி அனுப்பும் ஐ-20 படிவத்திலோ ஐஇஎல்டிஎஸ் தேர்வுப் பதிவிலோ பெயர் பாஸ்போர்ட்டிலிருந்து வேறுபட்டிருந்தால், நேர்காணல் தேதி வாங்கும் முன் அவற்றைத் திருத்தச் சொல்ல வேண்டும். சேலத்திலிருந்து இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போய், காலையில் நேர்காணல் சன்னலில்தான் இது தெரியவந்தது என்ற நிலை வேண்டாம். சமர்ப்பித்த டிஎஸ்-160-இல் பிழை கண்டால் புதுப் படிவம் நிரப்பி, அதன் உறுதிப்படுத்தல் எண்ணை நேர்காணல் பதிவிலும் மாற்ற வேண்டும். பழைய எண்ணோடு போனால் சிக்கல் வரும்.

‘வேறு பெயர் உண்டா’ என்ற கேள்வி

அமெரிக்கா, கனடா, பிரிட்டன் மூன்றின் படிவங்களிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. பலர் யோசிக்காமல் ‘இல்லை’ என்று குறிக்கிறார்கள். நம் பார்வையில் இந்தக் கோப்பிலேயே ஆபத்தான இடம் இதுதான்.

இனிஷியலை விரித்து எழுதியது வேறு பெயரல்ல. ஆனால் கீழுள்ளவை கட்டாயம் சொல்ல வேண்டியவை: திருமணத்துக்கு முன் பாஸ்போர்ட்டிலோ சான்றுகளிலோ இருந்த பெயர், அரசிதழில் மாற்றுவதற்கு முந்தைய பெயர், பழைய பாஸ்போர்ட்டில் இருந்த வேறு பெயர், எந்த அரசு ஆவணத்திலாவது ‘(எ)’ போட்டு எழுதப்பட்ட பெயர். ஐயமாக இருந்தால் சொல்லிவிடுவதே நல்லது. சொன்னதால் வரும் கூடுதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. மறைத்தது பின்னால் தெரியவந்தால் அது பொய்த்தகவலாகக் கருதப்படலாம். பொய்த்தகவலுக்குக் கனடாவில் 5 ஆண்டுத் தடை. பிரிட்டனில் ஏமாற்று என்று முடிவானால் 10 ஆண்டு வரை. அமெரிக்கச் சட்டத்தில் முக்கியமான பொய்த்தகவலுக்கு நிரந்தரத் தடையே உண்டு. எழுத்துக்கூட்டு வேறுபாட்டுக்கு இப்படி எந்தத் தண்டனையும் இல்லை. இந்த வித்தியாசத்தை விண்ணப்பத்தை நிரப்பித் தரும் ஏஜென்டும் அறிந்திருக்க வேண்டும். கையெழுத்து உங்களுடையது என்பதால் பொறுப்பும் உங்களுடையதே.

இணைப்பு ஆவணத்தைத் தேடுவது

முதலில் ஒரு தாளில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆவணத்திலும் பெயர் எப்படி இருக்கிறது, தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த நாள் எப்படி என்று அச்சில் இருப்பதைப் பார்த்தே எழுதுங்கள். ஞாபகத்திலிருந்து எழுதக் கூடாது. பத்து நிமிடத்தில் எந்த இரண்டு வடிவங்களுக்கு இடையே இணைப்பு இல்லை என்று தெரிந்துவிடும்.

இனிஷியலுக்கும் விரிவுக்கும் இணைப்பு பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கம். அங்கே தந்தை பெயர் முழுதாக இருக்கும். அதனால் நகல் எடுக்கும்போது முதல் பக்கத்தோடு கடைசிப் பக்கத்தையும் சேருங்கள். 2016 டிசம்பர் முதல் பெற்றோரில் ஒருவர் பெயர் மட்டும் கொடுத்தாலும் பாஸ்போர்ட் கிடைக்கிறது. தாய் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் இந்த இணைப்பு கிடையாது. அப்போது பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்றிதழ், தந்தை பெயர் அச்சிட்ட பான் அட்டை இவற்றில் ஒன்று உதவும்.

மனைவியின் இனிஷியல் தந்தையிடமிருந்து கணவருக்கு மாறியிருந்தால் திருமணப் பதிவுச் சான்றுதான் இணைப்பு. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009 எல்லாத் திருமணத்தையும் பதியச் சொல்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியும்போதே இருவர் பெயரையும் அவரவர் பாஸ்போர்ட்டில் உள்ள ஆங்கில எழுத்தில் கொடுத்தால் பின்னால் அலைய வேண்டியிராது. அழைப்பிதழில் உள்ள பெயரைப் பார்த்து எழுதிவிட்டு, பிறகு துணைவர் விசாவுக்குப் போகும்போது தவிப்பவர்கள் ஏராளம்.

பெற்றோர் மகனைப் பார்க்கப் போகும் விசாவில் வேறொரு முடிச்சு. மகனின் பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் ‘சின்னசாமி’. தந்தையின் சொந்தப் பாஸ்போர்ட்டில் ‘சின்னசாமி பழனியப்பன்’. உறவை நிறுவ மகனின் பிறப்புச் சான்றும், தந்தையின் பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்தில் பழனியப்பன் என்று தாத்தா பெயர் இருப்பதும் சேர்ந்து வேலை செய்யும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, கடிதத்தில் ஒரு வரியில் சுட்டிக்காட்டுங்கள்.

சொத்து ஆவணங்களுக்கு வருவோம். பட்டா, கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் தமிழில் இருக்கும், சாதிப் பின்னொட்டோடும் ‘(எ)’ குறியோடும். மொழிபெயர்ப்பாளரிடம் பாஸ்போர்ட் நகலைக் கொடுத்து அந்த எழுத்துக்கூட்டையே பயன்படுத்தச் சொல்லுங்கள். ஆனால் மூலத்தில் உள்ள ‘கவுண்டர்’, ‘(எ)’ எதையும் விடக் கூடாது. விட்டால் மொழிபெயர்ப்பே நம்பகம் இழக்கும். பிரிட்டனுக்கு என்றால் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் ஆகியவை வேண்டும்.

பிரமாணப் பத்திரமும் விளக்கக் கடிதமும்

அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தைச் சுற்றி நோட்டரி வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். ஆனால் தட்டச்சு செய்பவரிடம் தயாராக இருக்கும் பொது வாசகத்தை ஏற்காதீர்கள். ‘பல ஆவணங்களில் என் பெயர் பலவாறாக உள்ளது’ என்ற வரியால் பயன் இல்லை. இவை இருக்க வேண்டும்:

1. பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயர், பாஸ்போர்ட் எண், வழங்கிய நாள்.
2. வேறுபடும் ஒவ்வொரு ஆவணமும் தனி வரியாக: அதில் உள்ள பெயர் எழுத்துப் பிசகாமல், ஆவண எண், வழங்கிய அலுவலகம்.
3. ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் ஒரு வரிக் காரணம். ‘சி என்பது தந்தை சின்னசாமியைக் குறிக்கும், தமிழ்நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக எழுதுவது வழக்கம்’ என்பதுபோல.
4. இவை அனைத்தும் ஒரே நபரையே குறிக்கும் என்ற உறுதி.
5. பாஸ்போர்ட்டில் உள்ள அதே கையெழுத்து, நோட்டரியின் முத்திரை, பதிவு எண், தேதி.

பிரமாணப் பத்திரம் நீங்கள் உங்களைப் பற்றிச் சொல்வது. அது சான்றுகளைச் சுட்டும், சான்றாக ஆகாது. ஆகவே இரண்டாம் புள்ளியில் சொன்ன நகல்களை அதே வரிசையில் பின்னால் இணையுங்கள். விளக்கக் கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். இணையவழி விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக்கி, கடிதத்தை முதல் பக்கமாக வையுங்கள்.

திருத்துவதென்றால் எந்த வரிசையில்

திருத்தம் பிறப்புச் சான்றிலிருந்து கீழிறங்க வேண்டும். மேலே பிழை இருக்கும்போது கீழே திருத்தினால் மீண்டும் செய்ய நேரும்.

*பிறப்புச் சான்று.* பெயர் இல்லாமல் ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் பதிவான சான்றுகள் நிறைய. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு பின்னர் பெயர் சேர்க்க வழி தருகிறது. ஓராண்டுக்குள் கட்டணம் இல்லை, அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு. 15-ஆவது பிரிவு பிழை திருத்தத்துக்கு. பழைய பதிவை அழிக்காமல் ஓரத்தில் குறிப்பெழுதித் திருத்துவார்கள். சேலம் நகரில் பிறந்திருந்தால் மாநகராட்சி, வெளியே என்றால் அந்தப் பகுதிப் பதிவாளர். நாகலூர், வாழவந்தி போன்ற ஏற்காட்டு மலைக் கிராமங்களில் வீட்டிலேயே பிறந்த மூத்தவர்களுக்குப் பதிவே இல்லாமலிருக்கலாம். அப்படியானால் ‘பதிவு இல்லை’ என்ற சான்றை வாங்கி, பள்ளிச் சான்றை அதோடு வைக்க வேண்டும். 2023 அக்டோபர் 1 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர்களுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறந்த தேதிக்கான சான்று பிறப்புச் சான்று மட்டுமே. ஆகவே கைக்குழந்தையோடு வெளிநாடு செல்வோர் அதில் பெற்றோர் பெயர் எழுத்துக்கூட்டை இன்றே பாருங்கள்.

*மதிப்பெண் பட்டியல்.* படித்த பள்ளித் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போகும். காலம் பிடிக்கும். அரசிதழில் பெயர் மாற்றியவர்கள் பழைய பட்டியலோடு அரசிதழ் நகலை இணைத்துக் காட்டுவதுதான் நடைமுறை.

*ஆதார்.* பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். அவசரத்தில் ஒரு வாய்ப்பை வீணடித்துவிடாதீர்கள். இறுதி வடிவம் எது என்று முடிவு செய்த பிறகே இ-சேவை மையத்துக்குப் போங்கள்.

*பான்.* இனிஷியலை ஏற்காது. பாஸ்போர்ட்டில் பிரித்த அதே முறையில் வையுங்கள். வருமான வரிக் கணக்கு இதைப் பின்தொடரும்.

*பாஸ்போர்ட்.* பெயர் மாற்றம், பிரிப்பு எல்லாம் மறுவெளியீடுதான். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000. உங்கள் வகைக்கு எந்த ஆவணம் தேவை என்பதைப் பாஸ்போர்ட் சேவா தளத்தில் உள்ள ஆவண ஆலோசகர் பகுதி சொல்லும். நேரம் பதிவு செய்யும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட்டை மாற்றாதீர்கள். சமர்ப்பித்த எண்ணும் கையில் உள்ள எண்ணும் வேறாகிவிடும். பழைய பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருக்க, திருமணத்தால் பெயர் மாறியிருந்தால், புதிய விசாவுக்கு விண்ணப்பிக்கவே அமெரிக்க வெளியுறவுத் துறை பரிந்துரைக்கிறது.

விசா கைக்கு வந்தபின்

ஸ்டிக்கரையோ மின்விசாத் தாளையோ பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்: பெயர், பிறந்த நாள், பாஸ்போர்ட் எண், பாலினம். அச்சுப்பிழை இருந்தால் பயணத்துக்கு முன்பே வழங்கிய அலுவலகத்துக்குத் தெரிவித்துத் திருத்தி வாங்க வேண்டும். குடியேற்றச் சன்னலில் அதைத் திருத்தித் தருவார்கள் என்று நம்பிப் போக வேண்டாம். டிக்கெட்டிலும் பாஸ்போர்ட் பெயரே இருக்கட்டும். குடும்பப் பெயர் காலியாக இருப்பவர்கள் முன்பதிவுத் தளத்தின் கட்டாயக் கட்டத்தில் தாமாக ஒன்றை நிரப்பாமல், அந்த விமான நிறுவனம் ஒற்றைப் பெயருக்கு என்ன முறை வைத்திருக்கிறது என்று கேட்டு அதன்படி எழுதுங்கள். பிரமாணப் பத்திரத்தின் அசலும் இணைப்பு ஆவணமும் கைப்பையில் இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் வேண்டாம்.